அடைத்த துளைகள்

காடாத் துணி, ஐந்து அரக்கு முத்திரை.
கொட்டாம்பட்டியிலிருந்து மாட்டுத்தாவணி வரை
பஸ்ஸில் ஏட்டு முத்திருளாண்டியின் முழங்காலுக்கிடையில்
நின்றுகொண்டே வந்திருக்கிறது.
மேசைக்கு நீளம் போதவில்லை.

கடிதத்தில் கேள்விகள் மூன்று.
இது துப்பாக்கியா.
சுடும் நிலையில் உள்ளதா.
பூவலிங்கத்தின் விலாவில் எடுத்த ஈயம்
இதிலிருந்து வந்திருக்கக் கூடுமா.

மூன்றாவதற்கு எப்போதும் அரைப் பதில்தான்.
வரிப்பள்ளம் இல்லாத குழல்
குண்டின் மேல் கையெழுத்துப் போடாது.

திருகாணி இரண்டையும் கழற்றி
விசைத் தகட்டை விளக்கடியில் வைத்தேன்.
கிரீடம் ஏந்திய கும்பினிச் சிங்கம்
தேய்ந்து தேய்ந்து
சட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடும் நாயாகியிருந்தது.
நாய்க்கு முன்னால் நான்கு பொட்டுகள்,
கடுகளவு,
இரும்பிலேயே சற்று வேறு நிற இரும்பு.

அங்கே ஒரு கிண்ணி இருந்திருக்கிறது.
குதிரைக்கு அப்போது வாய் இருந்தது,
வாயில் தோல் சுற்றிய சக்கிமுக்கிக் கல்.
கல் எஃகில் உரச வேண்டும்,
பொறி கிண்ணியில் விழ வேண்டும்,
அங்கே மருந்து புஸ்ஸென்று எழுந்து
பக்கத் துளை வழியே நெருப்பு உள்ளே போக வேண்டும்,
பிறகுதான் வெடி.
அந்தப் பிறகு
அரை மூச்சு நீளம்.
கொக்கு அதற்குள் எழும்பிவிடும்.
தூறல் விழுந்தால்
கிண்ணி களியாகிவிடும், வெடியே கிடையாது.

யாரோ அதைச் சரிசெய்தான்.
பெயர் இல்லை. தகட்டின் உள்பக்கம்
அரத்தால் இழுத்த மூன்று கோடு மட்டும்.
கிண்ணியை எடுத்தான். துளைகளை அடைத்தான்.
வாயுள்ள குதிரையைத் தூக்கிப் போட்டுவிட்டு
வாயில்லாத ஒன்றை மாட்டினான்,
நெற்றியில் குழியோடு.
நெருப்புத் துளையில் காம்பு,
காம்பின் தலையில் செம்புக் கேப்பு.
முட்டினால் போதும்.
மழையைப் பற்றி இனிக் கவலை இல்லை என்று
வாங்க வந்தவனிடம் சொல்லியிருப்பான்.
கூலியை எண்ணிப் பார்த்துவிட்டுச்
சாப்பிடப் போயிருப்பான்.

ஐப்பசி. ராத்திரி ஒன்றரை. சிணுங்கல் மழை.
கடலைச் செடி அசைந்தது, பன்றி என்று நினைத்தேன்.
சேவுகமூர்த்தியின் வாக்குமூலத்தில்
முதல் நாளும் இதுதான், நான்காம் நாளும் இதுதான்.
பயிர்க்காவல் லைசென்ஸ் செல்லும்.
முன்பகை எதுவுமில்லை.
மடை திருப்பக் குனிந்திருந்தவர்
அவருடைய சம்பந்தி.

வாயுள்ள குதிரையாக இருந்திருந்தால்
கிண்ணியின் வெளிச்சம் பார்த்து
யாருப்பா அது என்று நிமிர்ந்திருப்பார் பூவலிங்கம்.
அல்லது மருந்து நனைந்து
கல் மட்டும் ஒருமுறை கிறீச்சிட்டு
இரண்டு பேரும் கெட்ட வார்த்தையில் பேசிக்கொண்டு
வரப்பில் நடந்து திரும்பியிருப்பார்கள்.
இதெல்லாம் தடயம் ஆகாது.
ஆகாது என்று எனக்குத் தெரியும்.

மணல் பெட்டியில் சுட்டேன். சுட்டது.
அடுத்ததை யாரும் கேட்கவில்லை.
மருந்து இடித்து, கேப்பு மாட்டி,
டீ கிளாஸ் கழுவும் மக்கில் தண்ணீர் மொண்டு
குதிரையின் தலையில் ஊற்றினேன்.
இன்னொரு மக்கும் ஊற்றினேன்.
சொட்டச் சொட்ட இழுத்தேன்.

சுட்டது.
தயக்கம் துளி இல்லை.

அறிக்கையில் முதல் சோதனையை மட்டும் எழுதினேன்.
ஆம். ஆம். கூடும்.

மூட்டையை வாங்க வந்த ஏட்டு
அரக்கு உருகும்வரை சும்மா நிற்காமல்
இது பழைய காலத்துப் பொருள்தானே மேடம்,
வெளியே என்ன விலை போகும் என்றார்.
பிறகு தகட்டைக் காட்டி, இதென்ன புள்ளி?

முன்னாடி வேற மாதிரி இருந்தது,
அடைச்சிருக்காங்க என்றேன்.

கட்டை விரல் நகத்தால்
நான்கையும் ஒவ்வொன்றாய் நெருடிப் பார்த்தார்.
எங்கேயும் தட்டவில்லை.
நல்ல வேலைக்காரன், என்றார்.